நாற்பதைத் தாண்டாத நாடி

"இது நாடியா, முனிசிபல் குழாயா?" என்று கேட்டார் சாம்பசிவம் பிள்ளை.

பெண் பார்க்க வந்திருந்த ராஜாராமனின் வலது மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. ஒரு துடிப்பு வந்தது. பிறகு ஒன்றுமில்லை. கொல்லைக் கதவைத் தாழிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு புறப்பட்டதுபோல, அடுத்த துடிப்பு சாவகாசமாக வந்து சேர்ந்தது.

பையனின் தகப்பனார் சுப்பராம பிள்ளை, வாயில் போட்ட கேசரியை விழுங்காமல் கேட்டார்: "என்ன பிள்ளைவாள், ஏதாச்சும் கோளாறா?"

"நிமிஷத்துக்கு நாற்பது. அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. மனுஷனுக்கு எழுபதாவது ஓடணும்."

"நிதானமான பையன். அதான்."

"நிதானம் பேச்சில இருக்கலாம், நடையில இருக்கலாம். இருதயத்துக்கு எதுக்குய்யா நிதானம்?"

வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் இருந்த சந்தில் அந்த வீடு. அங்கே பெண் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பரிகாசம் செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். ஜாதகம் பொருந்திய பிறகு, தட்டு மாற்றுவதற்கு முன்பு, பெண்ணின் தகப்பன் பையனின் நாடியைப் பிடித்துப் பார்ப்பான். மூன்று விரல் வைத்துப் பார்ப்பதெல்லாம் காசுக்கு வைத்தியம் பார்ப்பவர்களின் பழக்கம். இந்த வீட்டில் கட்டைவிரல். பத்திரத்தில் பதித்தால் ஹைகோர்ட்டு வரை செல்லுபடியாகிற விரல் அது ஒன்றுதான். மற்ற விரல்களுக்கு அந்த யோக்கியதை கிடையாது என்பது தாலுகா கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற சாம்பசிவம் பிள்ளையின் தீர்மானம்.

அந்த முறை ஒரே ஒரு தடவை தவறிப்போயிற்று. அவருடைய தங்கைக்கு வரன் வந்தபோது தகப்பனார் விஷக்காய்ச்சலில் கிடந்தார். பையன் கையை யாரும் பிடிக்கவில்லை. கல்யாணமான மறு வருஷமே தங்கை வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். தன் மகள் விஜயம் அப்படித் திரும்பி வர ஒருநாளும் விடுவதில்லை என்று அன்றைக்கே சாம்பசிவம் பிள்ளை சங்கல்பம் செய்துகொண்டார். விஜயத்துக்கு அப்போது வயது இரண்டு.

"மாமா," என்றான் ராஜாராமன். பசுமலையில் பள்ளிக்கூட வாத்தியார்; சயன்ஸ் சொல்லிக் கொடுக்கிறவன்; பந்தாட்டத்தில் பெயர் வாங்கினவன். "ஓடி ஆடுறவங்களுக்கு நாடி மெதுவாத்தான் இருக்கும். இருதயம் பலமா இருந்தா ஒரே அடியில நிறைய ரத்தத்தைத் தள்ளிடும். அதனால அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை."

"அப்ப பலமான மாடு அடிக்கடி வண்டி இழுக்காதுங்கிறீங்களா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். விஜயம்தான். "சும்மா இருடி" என்று அவள் தாயார் அனந்தலட்சுமி அதட்டியதும் கேட்டது.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று விசாரித்தார் சாம்பசிவம் பிள்ளை.

"நல்லாத் தூங்கினேன்."

"அதான். தூக்கத்தில நாடி இறங்கும். உங்களுக்கு உடம்பு எழுந்திருச்சிருச்சு, நாடி இன்னும் படுத்திருக்கு. காப்பி கொண்டாங்க!"

ராஜாராமன் இரண்டு டம்ளர் கெட்டிக் காப்பி குடித்தான். மூன்றாவது டம்ளரை மரியாதைக்காகக் குடித்தான். சாம்பசிவம் பிள்ளை இடது கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி கட்டைவிரலை அழுத்தினார். அவர் முகம் இருண்டது.

"முப்பத்தெட்டு."

"காப்பி குடிச்சாக் குறையுமா?" என்றார் சுப்பராம பிள்ளை.

இதைக் கேட்டதும் அனந்தலட்சுமி கதவுக்கு வெளியே வந்துவிட்டாள். "முதல் டிகாக்ஷன்தாங்க ஊத்தினேன். எங்க வீட்டுக் காப்பியில ஒரு குத்தமும் கிடையாது."

"காப்பியை யாரும்மா சொன்னா? என் மகனைச் சொல்றாரு உங்க வீட்டுக்காரரு." சுப்பராம பிள்ளை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "பிள்ளைவாள், நாடி நொண்டுதுன்னு சொல்லி நீங்க தட்டை உள்ளே எடுத்து வச்சா, நாளைக்கு எந்த வீட்டுல என் மகனுக்குப் பொண்ணு கொடுப்பான்? சமயநல்லூர்ல ஒரு இடம் காத்துக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள உண்டு இல்லைன்னு சொல்லிப்பிடணும்."

"சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி பையனை ஓட விட்டுப் பாக்கணும். ஓடியும் நாடி ஏறலேன்னா அது நோய்."

"எங்க ஓடணும்?"

"அழகர்மலையில."

மறுநாள் சின்னானின் வில்வண்டியில் இரண்டு குடும்பமும் அழகர்கோவிலுக்குப் போயிற்று. சின்னான் அதே சந்தில் குடியிருப்பவன். அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவன்.

சாம்பசிவம் பிள்ளையும் கூடவே மலையேறுவதாகத்தான் உத்தேசம். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் மலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "வண்டிக் குலுக்கல்" என்று சொல்லிவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். ராஜாராமன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குரங்குகள் பயந்து விலக, படியேறி ஓடினான். மலைமேல் தீர்த்தத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். வந்து நின்றபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி வந்தது.

சாம்பசிவம் பிள்ளை கையைப் பிடித்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

"நாற்பது."

"அநியாயம் பேசாதீங்க!" என்றார் சுப்பராம பிள்ளை. "நெஞ்சைத் தொட்டுப் பாருங்க. குதிக்குது!"

தொட்டார். குதிக்கத்தான் செய்தது. சாம்பசிவம் பிள்ளை யோசித்தார். கச்சேரியில் எத்தனையோ வழக்குகளைப் பிரித்துப் பார்த்தவர் அவர்.

"நெஞ்சில இருந்து நூறு கிளம்புது. கைக்கு நாற்பதுதான் வந்து சேருது. மிச்சம் நடுவுல எங்கேயோ கசியுது."

"மாமா, அம்புட்டு ரத்தம் கசிஞ்சா நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

"வாத்தியாருங்க எந்த நிலைமையிலும் பேசுவாங்க."

சுப்பராம பிள்ளை தம் கையை நீட்டினார். "இந்தாங்க, என் கையைப் பாருங்க. நான் ஓடவும் இல்லை, காப்பியும் குடிக்கலை."

பார்த்தார். நாற்பது.

"பரம்பரை!" என்றார் சாம்பசிவம் பிள்ளை.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு இருந்தாரய்யா!"

"இருதயம் மெதுவா நடந்திருக்கு. சாவு வரைக்கும் வந்து சேர நாளாயிருக்கு."

அந்த வார்த்தைக்குப் பிறகு இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் திரும்புவது முடியாது என்றுதான் தோன்றியது. சுப்பராம பிள்ளை நடந்தே போய்விடுவதாகச் சொன்னார். இரண்டடி எடுத்து வைத்தவர் திரும்பி வந்தார்.

"ஊரான் கையையே பிடிக்கிறீங்களே. உங்க வீட்டுக் கையைப் பிடிச்சுப் பாருங்களேன் பிள்ளைவாள். உங்க வம்சத்து நாடி எம்புட்டு ஓடுதுன்னு நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

நியாயமான கேள்வி. நியாயத்துக்கு அஞ்சாத குடும்பம் அல்ல அது. சாம்பசிவம் பிள்ளை மனைவியின் கையைப் பிடித்தார்.

"ஐயோ, விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று அனந்தலட்சுமி நெளிந்தாள். "கல்யாணத்தன்னிக்குப் பிடிச்ச கை. இப்ப எதுக்குக் கோவில் வாசல்ல?"

"நாடிதான் பாக்குறேன். நில்லு."

நாற்பது. அவர் நெற்றி வேர்த்தது. சின்னானைக் கூப்பிட்டார், நாற்பது. தம் கையைத் தாமே பிடித்துப் பார்த்தார், அதிலும் வித்தியாசமில்லை. கடைசியில் விஜயம் தானாகவே கையை நீட்டினாள். அதுவும் நாற்பதுதான்.

"அப்பா, அப்ப எனக்கும் அவருக்கும் பொருத்தம் சரியாத்தானே இருக்கு?"

"வண்டியில ஏறு" என்றார் சாம்பசிவம் பிள்ளை.

திரும்பும் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே வந்தார். பரம்பரை என்றால் இரண்டு பரம்பரைக்கும் ஒரே நோய் எப்படி வரும்? சின்னானுக்கு எப்படி வரும்? எல்லோருக்கும் பொதுவாக உள்ளே போனது எது? வண்டி தல்லாகுளம் தாண்டும்போது அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"வந்தன்னிக்கு எங்க வீட்டுல தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சோம்" என்றார் சுப்பராம பிள்ளை வேறு பக்கம் பார்த்தபடி.

"இன்னிக்குக் கூஜாவில கொண்டு வந்ததும் அதே தண்ணிதான். கிணத்துக்கு மேல அரளி மரம் சாஞ்சு நிக்குது. பூவும் காயும் உள்ளே விழுது. அரளி உள்ளே போனா நாடி படுத்துப்போகும். கச்சேரியில எத்தனை பிரேத விசாரணை பார்த்திருக்கேன்!"

"அப்ப என் மகன்கிட்ட குத்தம் இல்லை?"

"தண்ணி மாறினதும் நாடி ஏறினா, இல்லை."

"ஏறலேன்னா?"

சாம்பசிவம் பிள்ளைக்கு இப்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிப்பான தண்ணீர். சந்து முழுவதும் அங்கேதான் இறைத்துக்கொண்டு போகும். மூன்று தலைமுறையாகத் தண்ணீர் கொடுத்த வீடு, விஷம் கொடுத்த வீடு என்று பெயர் எடுப்பதா?

அன்று மாலையே அரளி மரம் வெட்டப்பட்டது. கிணற்றின் மேல் பலகை போட்டு ஆணி அடித்தார்கள். சின்னான் தமுக்கு அடித்தான். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், எல்லாருக்கும் இருதயம் மெதுவாயிருச்சு! சிரஸ்தார் ஐயா வீட்டு வாசல்ல வந்து நாடியைக் காமிச்சுட்டுப் போகணும்!"

வந்தார்கள். சாம்பசிவம் பிள்ளை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கையாகப் பிடித்தார். நெசவுக்காரருக்கு நாற்பது. இட்லிக்காரிக்கு நாற்பது. தொட்டில் குழந்தைக்கும் நாற்பது. பால்காரர் தம் மாட்டையும் பிடித்துக்கொண்டு வந்து, "இதுவும் அந்தத் தண்ணிதாங்க குடிக்குது" என்றார். வாலடியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் மாட்டுக்கும் நாற்பதுதான்.

மெதுவாக ஓடுகிற இருதயத்தை விரட்டக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சந்து அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. ஆலைக்குப் போகிறவர்கள் போகவில்லை. காலை இட்லி மத்தியானம் வந்தது. எங்கேயோ குடம் உருண்டு விழுந்தால், அதை எடுக்க நாலு பேர் யோசித்தார்கள். பெண்கள் மட்டும் தெற்கு வீதி வரை போய்த் தண்ணீர் சுமந்தார்கள். அவர்கள் சாம்பசிவம் பிள்ளை வீட்டைக் கடக்கும்போது மெதுவாகப் பேசவில்லை.

"நாடி பாக்குறாராம் நாடி! இடுப்பு ஒடியுது, அதைப் பாக்குறாரா?"

தண்ணீர் மாற்றியும் நாடி ஏறவில்லை. வியாழக்கிழமை பார்த்தபோது சந்து முழுவதும் முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அன்றைக்கு மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்ட சாம்பசிவம் பிள்ளையைப் பார்த்து அனந்தலட்சுமி பயந்துபோனாள்.

"ஏங்க, உங்க முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. கொஞ்சம் படுங்களேன்."

"ஊரே படுத்துக் கிடக்கு. நானும் படுத்தா யாருடி நாடி பாக்குறது?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சந்தின் கடைசி வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. ஆலையில் காவல்காரராக இருந்த மலைச்சாமி இறந்துபோனார். எண்பதைத் தாண்டியவர், வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். வேறு ஒரு வாரமாக இருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவரும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தார்.

சாம்பசிவம் பிள்ளை சட்டையைப் போட மறந்து ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு இடத்தில் நின்றார், ஒரு இடத்தில் உட்கார்ந்தார். பிரேத விசாரணைக்கு எத்தனையோ வீட்டு வாசலில் ஏறினவர், இப்போது தம் வீட்டு வாசலிலேயே போலீஸ் ஏறுவதை மனத்தில் பார்த்துக்கொண்டு போனார். அப்படி ஒன்று நடந்தால் ராஜாராமன் என்ன, எவன் வந்து விஜயத்தைக் கட்டுவான்?

அவர் போய்ச் சேருவதற்குள் மலைச்சாமி வீட்டில் பாடை கட்டியாயிற்று. மேளக்காரர்கள் வாசலில் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மலைச்சாமியின் மனைவி மாயக்காள் தலைவிரி கோலமாகக் கிடந்தாள். சாம்பசிவம் பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மலைச்சாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்துக் கட்டைவிரலை அழுத்தினார்.

கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"நிறுத்துங்கய்யா! உசிர் இருக்கு!"

மேளம் நின்றது. அழுகை நின்றது.

"எம்புட்டு ஓடுது சாமி?" என்று ஒருவர் கேட்டார்.

"முப்பத்தெட்டு. நேத்து நம்ம எல்லாருக்கும் இருந்த அதே அளவு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை!"

மாயக்காள் எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டாள். கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"விடிஞ்சதுலேருந்து இம்புட்டு நேரம் தொண்டை கிழிய அழுதிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா இந்த மனுசன்? உசிரோட இருக்கும்போதும் இப்படித்தான், எதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு."

சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். கடைவாய் வழியாக வழிந்தது.

"கஷாயம்னா அவருக்கு என்னைக்குமே ஆகாது" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

பாடையை அவிழ்த்தார்கள். மாலையைக் கழற்றினார்கள். மேளக்காரர்கள், வந்ததற்கு என்ன வழி என்று கேட்டார்கள். அந்தச் சந்தடியில் சுப்பராம பிள்ளையும் ராஜாராமனும் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு கோட்டுப் போட்ட ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆச்சு பிள்ளைவாள்" என்றார் சுப்பராம பிள்ளை. "டாக்டரையே கூட்டிக்கிட்டு வாரேன்னு பையன் கூட்டியாந்துட்டான். அவரு சொன்னா ஒத்துக்குவீங்களா, மாட்டீங்களா?"

மலைச்சாமியின் கையை விடாமலே சாம்பசிவம் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "என் மக தாலியைப் பத்தின விஷயம் இது. உங்க பையன் நாடி சரியா ஓடுதுன்னு டாக்டர் சொல்லட்டும். நாளைக்கே தட்டு மாத்திக்கிறேன். ஆனா முதல்ல இந்த மனுஷனைப் பாக்கச் சொல்லுங்க. பிழைச்சு வந்துக்கிட்டிருக்காரு."

டாக்டர் குனிந்தார். மலைச்சாமியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் விடியறதுக்கு முன்னாலேயே போயிட்டாரே."

"அதெப்படி? ஓடுதே!" என்றார் சாம்பசிவம் பிள்ளை.

டாக்டர் மலைச்சாமியின் மற்றொரு கையை மூன்று விரலால் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு ராஜாராமனின் கையைப் பார்த்தார். "அறுபத்தஞ்சு. இரும்பு மாதிரி இருக்கு." சுப்பராம பிள்ளையின் கையைப் பார்த்தார். "எழுபத்தி நாலு." பின்னால் நின்ற சின்னானின் கை, பால்காரரின் கை, எதிர்வீட்டு நெசவுக்காரரின் கை என்று வரிசையாகப் பார்த்தார். "இவங்க எல்லாருக்கும் எழுபதுக்கு மேல ஓடுது. இந்தச் சந்துல ஒருத்தருக்கும் ஒரு நோயும் இல்லை. யார் சொன்னது மெதுவா ஓடுதுன்னு?"

கூட்டம் முழுவதும் சாம்பசிவம் பிள்ளையைப் பார்த்தது. பேர்பெற்ற குடும்பத்தின் கட்டைவிரல் அது. கூட்டத்துக்குப் பயந்து அது பின்வாங்கவில்லை. இன்னும் அழுத்தியது. அவர் முகத்தில் வேர்வை துளித்துளியாக இறங்கியது; உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"இதோ ஒண்ணு... இதோ... இதோ இன்னொண்ணு. நல்லாத் தெரியுது டாக்டர்! எல்லாருக்கும் எழுபது ஓடுதுங்கிறீங்க, இவரு செத்துட்டாருங்கிறீங்க. அப்ப என் விரலுக்குக் கீழே ஓடுற இந்த முப்பத்தெட்டு யாருதுய்யா?"

மாயக்காள் அவிழ்ந்த பாடையை ஒரு தரம் பார்த்தாள்; அவரை ஒரு தரம் பார்த்தாள்.

"அவரு கையை விட்டுருங்க சாமி. அந்தக் கட்டைவிரல்ல ஓடுறது உங்க உசிரு. பிடிச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா அதையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருவாங்க."